பிஜுவின் கழுத்துப்பட்டை

குட்டி நாய்க்குக் கழுத்துப்பட்டை பழக்குவது எப்படி என்று, என்னிடம் வேலை பழகும் நீங்கள் மூவரும் கேட்டதற்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது கட்டு. அது மறந்திருக்கும்போது கழற்று. வாரை முதல் சில நாள் தரையில் இழுபட விடு. கூட வந்தால் தட்டிக்கொடு, வராவிட்டால் நில், இழுக்காதே. மீதியைக் குட்டியே சொல்லித்தரும்.

ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர், "அண்ணே, வூட்ல செத்துப்போன நாயோட பெல்ட் இருந்தா அதையே கட்டிடலாமா? வாசனைக்குக் குட்டி சட்டுனு அடங்கிடுமாமே?" என்று கேட்டபோது நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த உத்தியை இந்த ஊரில் வீடு வீடாகச் செய்துகாட்டிப் பெருமை அடித்துக்கொண்டவனே நான்தான். அதனால் பதிலை எழுதியே தந்துவிடுகிறேன். முப்பத்துமூன்று வயதில் இந்த வேலையை விட்டுவிட்டு வேறொன்றுக்கு ஓடுகிற என்னை 'ரிட்டயர்டு சார்' என்று நீங்கள் கிண்டல் செய்வது தெரியும். ரிட்டயர்டு சார் சொல்வதை ஒரு முறை கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, நூலகத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை மூன்று தரம் எடுத்துப் படித்துவிட்டு, சைக்கிளில் கிளம்பி நாய் பழக்க வந்தவன் நான். மில்லில் ஷிப்ட் முடித்து வரும் அப்பா, வாசலில் என் சைக்கிளைப் பார்த்தாலே ஆரம்பிப்பார்: "பி.எஸ்சி. படிச்சுட்டு ஊரான் ஊட்டு நாய இட்டுக்கினு சுத்துறான் பாரு." எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு வாரத்தில் எந்தக் குட்டியையும் வாரில் நடக்கவைப்பேன் என்று சவால் விடுவேன். பெரும்பாலும் ஜெயித்தும்விடுவேன். ஜெயிப்பதில் பாதி, அந்தப் பழைய பட்டை உத்தி.

அந்த வீடு கடலிலிருந்து நான்கு தெரு உள்ளே, மஞ்சள் சுவரும் பச்சைச் சன்னல்களுமாக இருந்தது. வீட்டுக்காரம்மாவின் பெயர் ழெர்மேன். தெருவில் எல்லோருக்கும் 'மதாம்'. ஐம்பது வயதிருக்கும். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். தெருக்காரர்கள் அவரை 'முசே' என்பார்கள். நான் போனபோது முசே வீட்டில் இல்லை. ஊரில் இல்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

குட்டிக்கு மூன்று மாதம். செம்பட்டை நிறம், நாட்டுக் குட்டி. வீட்டில் வேலை செய்யும் அஞ்சலையின் சொந்தக்காரர்கள் கனகசெட்டிக்குளத்திலிருந்து கொடுத்தனுப்பியது. அஞ்சலை அந்த வாரம் வேலைக்கு வரவில்லை. மகளுக்குப் பிரசவம் என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"மத்தியானம் பன்னண்டு மணிக்குத்தான் வரணும்" என்றார் மதாம்.

பன்னிரண்டு அடித்தால் கடைகளை இழுத்து மூடிவிட்டு மூன்று மணிவரை தூங்குகிற தெருக்கள் அவை. தை மாதம், தரையும் சுடாது. வண்டி இல்லை, வேறு நாய் இல்லை, குட்டிக்கு இதைவிட நல்ல நேரம் ஏது என்று எனக்குக் குஷி.

முதல் நாள் நான் கொண்டுபோன புது நைலான் பட்டையோடு குட்டி அரை மணி நேரம் மல்லுக்கு நின்றது. ஒரு வாரக் கெடு நினைவில் இருந்ததால் நான் பொறுக்கவில்லை.

"வீட்ல பழைய பெல்ட் ஏதாவது இருக்குதுங்களா மதாம்?"

அவர் குட்டியை ஒரு முறை பார்த்தார். "பிஜுவோடது இருக்கு. எங்க பழைய நாய். அதுவா வேணும்?"

"அது போதும்ங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுவேவா வேணும்?"

நான் யோசிக்கவில்லை. பிஸ்கட் டப்பா ஒன்றில் இருந்து எடுத்துத் தந்தார். நல்ல தோல், பித்தளை பக்கிள். தோல் முழுக்க வெள்ளைக் கோடுகள். உப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. நாயின் கழுத்துப்பட்டையில் எப்படி இவ்வளவு உப்பு என்று கேட்டிருக்க வேண்டும். நான் ஆணி ஒன்று வாங்கிக் குட்டியின் கழுத்துக்குத் தகுந்த இடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கிள் மாட்டிய அந்த நொடியில் குட்டி அடங்கிவிட்டது. அடங்கியது என்றால், களைத்துப்போய் அடங்குவது இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தது. வாலைச் சுருட்டிக் காலடியில் வைத்துக்கொண்டது. பிறகு தலையைத் தூக்கி, என் தோளுக்குப் பின்னால், ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தது. திரும்பிப் பார்த்தேன். சுவரும் ஒரு தொப்பி மாட்டும் ஆணியும்தான் இருந்தன.

மூன்று மாதக் குட்டி, ஆளைப் பார்த்தால் வாலை ஆட்டும், இல்லாவிட்டால் பயப்படும். இது இரண்டையும் செய்யவில்லை. உத்தரவுக்குக் காத்திருக்கும் வளர்ந்த நாய் மாதிரி இருந்தது. என் புத்தகத்தில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. அதனால்தான் எனக்கு அத்தனை சந்தோஷம்.

இரண்டாம் நாள் தெருவில் இறக்கினேன். உங்களுக்கே தெரியும், வாரில் முதல் நடையென்றால் குட்டி ஒன்று தரையில் படுத்துவிடும், இல்லை வாரைக் கடிக்கும், இல்லை காலைச் சுற்றி நம்மைக் கட்டிப்போடும். இது நடந்தது. இடது பக்கமாக, சீராக, வார் தளர்ந்திருக்க நடந்தது. ஆனால் என் இடது காலை ஒட்டி இல்லை. என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, எனக்கும் குட்டிக்கும் நடுவே இன்னொருவர் நடந்துபோகத் தேவையான இடத்தை விட்டு நடந்தது. முதல் தெருமுனை வந்ததும் நின்று உட்கார்ந்தது. சற்றுநேரம் கழித்துத் தானாகவே எழுந்தது. இரண்டாவது முனையிலும் அப்படியே. மூன்றாவது முனையில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். ஒரு பீடி பிடிக்கும் நேரம் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் என் கைக்கும் அதன் கழுத்துக்கும் நடுவே வார் ஓரிடத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. கடல் காற்று என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மதாமிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அப்படி ஓர் ஆர்வம்! முனைகளை எண்ணிச் சொன்னேன், நின்ற நேரத்தைச் சொன்னேன்.

"மூணாவது முனையில ரொம்ப நேரமா?" என்றார்.

"ஆமாம் மதாம், நானே ஆச்சரியப்பட்டுட்டேன்!"

"அங்கதான் அவர் சுருட்டு பத்த வைப்பாரு. காத்துக்கு நிக்காது. நாலஞ்சு குச்சி போகும்."

எனக்கு அப்போதாவது நாக்கு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். "பாத்தீங்களா, வாசனையிலேயே பழைய நாயோட பாதை அத்தனையும் கண்டுபிடிச்சிடுச்சு!" என்றேன். அவர் குட்டியைப் பார்த்து மெல்ல, "அசீ" என்றார். பிரெஞ்சில் உட்காரச் சொல்வது. யாரும் கற்றுத்தராத குட்டி உட்கார்ந்தது.

அடுத்த இரண்டு நாளும் நான் கதவைத் தாண்டி உள்ளே வருவதற்குள் ஒரே கேள்விதான் வரும்: "இன்னிக்கு எதுவரைக்கும் போச்சு?" நானும் சொல்வேன். முனை தாண்டி வடக்கே திரும்பியது என்றேன். மறுநாள் குப்பத்துப் பக்கம் போகும் சந்து வரைக்கும் என்றேன். நாளுக்கு நாள் தூரம் கூடிக்கொண்டே போனது. அவருடைய முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான் வந்ததால்தான் அந்த அம்மாவுக்கு உயிர் வந்திருக்கிறது என்று நினைத்து வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனேன்.

ஐந்தாம் நாள் அஞ்சலை வேலைக்குத் திரும்பியிருந்தாள். கொல்லைக் குழாயடியில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "யாரு, நாய்க்கு டியூஷன் எடுக்கிற வாத்தியாரா? பரீட்சையெல்லாம் உண்டா தம்பி?"

"உண்டு. உங்க ஊர்க் குட்டி முதல் மார்க் வாங்கிடும் போல."

"வாங்காம? எங்க ஊரு மீன் தின்ன வயித்துல பொறந்தது" என்றவள், குட்டி என் பின்னால் வந்து நின்றதும் பேச்சை நிறுத்தினாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். என்னைக் கொல்லைக் கதவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த பெல்ட்ட யாரு கட்டச் சொன்னது?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன்?"

அவள் சொன்னது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், வழக்கம்போல முசே பிஜுவைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார். பிஜு மட்டும் திரும்பி வந்தது. முசே கிடைக்கவே இல்லை. கரையில் கால் கழுவும்போது அலை இழுத்திருக்கும் என்று எல்லோரும் முடிவுசெய்தார்கள். மதாமும் அப்படியே நம்பினார். பிஜு சோறு தொடாமல் இரண்டு மாதத்தில் செத்துப்போனது.

"அப்ப கதவ தொறந்தது நான்தான் தம்பி. பிஜு கழுத்துல பெல்ட் இல்ல. வாயில கவ்விக்கினு வந்துச்சு. அறுந்துகூட இல்ல. பக்கிள பதவிசா கழட்டிக் குடுத்து அனுப்பியிருக்கு ஒரு கை. அலை வந்து பக்கிள் கழட்டுமா? சொல்லு. மதாம் பாக்கறதுக்குள்ள நானே திரும்பக் கட்டி விட்டுட்டேன். அவராவே போய்ட்டாருன்னு தெரிஞ்சா இந்தம்மா தாங்காது. இன்னி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"இப்பவே கழட்டிடறேன்" என்றேன்.

"கழட்டு."

கழற்றவில்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். மதாம் சம்மதிக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்குப் புதுத் தோல் பட்டை தைத்துக்கொண்டு வந்து மாற்றிவிடலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றேன். நிஜம் என்னவென்றால், அது எதுவரைக்கும் போகும் என்று பார்க்க ஆசை. பயம் இருந்தும் அந்த ஆசை விடவில்லை. நம் வேலையில் முன்கோபக்காரனைக்கூடத் திருத்திவிடலாம். இந்த ஆசை உள்ளவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அன்று குட்டி அந்தச் சந்து முடியும் இடத்தைத் தாண்டி, குப்பத்துப் படகுகளைத் தாண்டி, ஈரமணல் தொடங்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கு மேல் போகவில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கழுத்தை மேலே நீட்டிக் காட்டியது. பக்கிளைக் கழற்றப்போகும் கைக்கு வசதியாகக் காட்டுவதுபோல. நான் குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

ஓடி வந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தேனா? "எதுவரைக்கும் போச்சு?" என்றார் மதாம். "தண்ணி ஓரம் வரைக்கும்" என்றேன். கழுத்தை நீட்டியதை மட்டும் சொல்லவில்லை. அதுவே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

அவர் தலையாட்டினார். "நாளைக்கு ஒரு மணிக்கு வந்தா போதும்" என்றார்.

மறுநாள் புதுப் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நான் பன்னிரண்டே காலுக்கே போய்விட்டேன். என் அவசரபுத்தி என் வாழ்நாளில் உதவியது அந்த ஒரு முறைதான். தெருவில் ஆள் இல்லை. சுவரோரமாகக் குட்டி மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது. எந்த முனையிலும் நிற்காமல், நேராக வந்தது. வாயில் அந்தப் பட்டை. பக்கிள் அவிழ்ந்து தொங்கியது.

அஞ்சலை கதவைத் திறந்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "மதாம் இட்டுக்கினு போனாங்க தம்பி... அதே மாரி... அதே மாரி வருது பாரு..."

குட்டியை அவள் மடியில் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

மதாம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். முதுகு கரைப் பக்கம். சேலை அவரைச் சுற்றி மிதந்தது. படகு நிழலில் இரண்டு மீனவர்கள் படுத்திருந்தார்கள். அவர்களை எழுப்பினேன். ஒருவர் கத்த வாயெடுத்தார். அவர் வாயைப் பொத்தினேன். ஏன் என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்கு நாய்களைத்தான் தெரியும். பிடி நழுவி நடுத்தெருவில் நிற்கும் குட்டியைக் கூச்சல் போட்டுத் துரத்தினால் அது வண்டிக்குள்தான் போய் விழும். அவர்களைச் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் நீந்திப் போகச் சொல்லிச் சைகை காட்டினேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஈரமணலில் உட்கார்ந்தேன்.

"மதாம்."

"போயிடுங்க" என்றார் திரும்பாமல். "அது கழுத்த நீட்டிச்சு. கழட்டி விட்டேன். அவர் கூப்பிடறாரு. ரெண்டு வருசமா தனியா நிக்கிறாரு."

திரும்பி வாருங்கள், உங்களுக்கு யார் இல்லை, உலகம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லலாம். எதுவும் அவரிடம் போய்ச் சேராது என்று தெரிந்தது. என் கையில் இருந்தது ஒரே ஒரு விஷயம். அதுவும் அடுத்தவளுடைய ரகசியம். அது அவரை இன்னும் உள்ளே தள்ளுமா, வெளியே இழுக்குமா என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்கிறேன், சத்தியமாகத் தெரியாது.

"மதாம், அன்னிக்கும் பிஜு பட்டைய வாயிலதான் கொண்டுவந்துச்சு. அஞ்சலைதான் உங்களுக்குத் தெரியாம கட்டி விட்டாங்க."

ஓர் அலை வந்து அவருடைய தோளில் ஏறி இறங்கியது.

"பக்கிள்?"

"அவிழ்ந்துதான் இருந்துச்சாம்."

"அப்ப அலை இழுக்கல."

"இல்ல மதாம்."

"அவரே கழட்டினாரு. வீட்டுக்குப் போன்னு அதுகிட்ட சொன்னாரு."

"ஆமாம்."

"நாய்கிட்ட சொன்னாரு." இப்போதுதான் திரும்பினார். "எங்கிட்ட? காலைல காப்பி குடிச்சிட்டு, சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குன்னாரு. அவ்வளவுதான் எங்கிட்ட பேசினது. நாய்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு!"

பிரெஞ்சில் ஏதோ ஒரு வார்த்தையைக் கடலைப் பார்த்துக் கத்தினார். கையால் தண்ணீரை ஓங்கி அறைந்தார். அறைந்துகொண்டே கரையை நோக்கி நடந்து வந்தார். நீந்திப் போன இருவரும் அவரைத் தொடத் தேவையே இல்லாமல் போனது.

இதற்கெல்லாம் என்னிடம் விளக்கம் இருக்கிறது. கடற்கரையில் பிறந்த குட்டி கடலைப் பார்த்து நடக்கும். பழைய நாய் மோந்த முனைகளில் நிற்கும். இறுக்கமான பட்டை உறுத்தினால் கழுத்தை நீட்டும். ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாம் சரியாக வருகிறது. ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வரவில்லை. அதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. புதுப் பட்டையில் அந்தக் குட்டி காலை வேளையில் நடக்கப் பழக ஐந்து வாரம் ஆனது. இழுத்தது, படுத்தது, என் செருப்பைக் கடித்தது. அது போதும் எனக்கு. யாருடைய வீட்டிலாவது பழைய பட்டை கொடுத்தால், அது எந்த நாயினுடையது, எப்படிக் கழன்றது என்று கேட்டுவிட்டுக் கையில் வாங்குங்கள். வீட்டுக்காரர்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கடற்கரையில் நான் உண்மையைச் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அதற்கு அரை மணி கழித்து நான் சொன்னதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். ஈரச் சேலையோடு மதாம் உள்ளே ஏறினார், பின்னால் நான். அஞ்சலை மடியில் குட்டி, கழுத்தில் எதுவும் இல்லாமல். மதாம் கதவின் மேல் கையை வைத்தவர், மூடாமல் நின்றார்.

"மூடுங்க மதாம், சளி புடிச்சிக்கும்" என்றாள் அஞ்சலை.

மதாம் கதவைப் பிடித்தபடியே தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, நீங்க பாத்துச் சொல்லுங்க. வெளியில யாராவது நிக்கிறாங்களா?"

நான் தெருவைப் பார்க்கவில்லை. குட்டியைப் பார்த்தேன். அது அஞ்சலையின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வாசல்படிக்கு வெளியே, ஓர் ஆள் உயரத்தில், கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வால் மெல்ல ஆடியது.

"யாரும் இல்ல மதாம்" என்றேன்.

அவர் கதவைத் தள்ளினார். பாதியில் எதிலோ பட்டது போல நின்றது. மழையில் ஊறிய பழைய கதவு, கீழே தட்டியிருக்கும். மதாம் கையை எடுக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும், முழுப் பலத்தோடு தள்ளினார்.

தாழ் விழுந்தது.